கழற்றும் பேட்டரிக் கட்சி

சார், உங்கள் மடியில் இருக்கிறதே, அது பவர் பேங்க்தானே? ஒரு பத்து நிமிஷம் எனக்குக் கிடைக்குமா? தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உடுமலைப்பேட்டையில் ஏறியதிலிருந்து உங்கள் பையையே பார்த்துக்கொண்டு வருகிறேன், பிக்பாக்கெட்காரன் மாதிரி. கேட்கலாமா, வேண்டாமா என்று பொள்ளாச்சி வரைக்கும் யோசித்தேன். அதுவரை பதினான்கு இருந்தது, கௌரவமும் இருந்தது. பொள்ளாச்சி தாண்டியதும் ஒன்பது ஆகிவிட்டது. மணியைச் சொல்லவில்லை சார், சார்ஜைச் சொல்கிறேன். ஒன்பது சதவீதத்தில் மனிதனுக்கு என்ன கௌரவம்?

கொடுங்கள், கொடுங்கள். ரொம்ப நன்றி. அட, என்ன சார் இது, ஒயர் சேரவில்லையே. உங்களுடையது பழைய சின்ன பின். என் ஃபோனுக்கு சி பின் வேண்டும். திருப்பிப் போட்டுப் பார்க்கட்டுமா? இல்லை, சேராது. நெருக்கி அழுத்தினால்? வேண்டாம், உடைந்துவிடும்.

"கண்டக்டர், கொஞ்சம் நில்லுங்க. பஸ்ஸுல ஆருகிட்டயாச்சும் சி பின் ஒயர் இருக்குதான்னு ஒரு சத்தம் குடுங்க பாக்கலாம்."

கேட்கிறார் பாருங்கள், டிக்கெட் கேட்கிற அதே குரலில். நல்ல மனுஷன். பின்னால் ஒருவர் கை தூக்குகிறார்... இல்லையா? கிணத்துக்கடவில் பஸ் மேம்பாலத்தில் போகுமா, ஊருக்குள் போகுமா என்று கேட்கிறாராம். சரி, அவருக்கு அவர் கவலை.

உங்கள் ஃபோனில் பேசிக்கொள்ளச் சொல்கிறீர்களா? பெரிய மனசு சார். ஆனால் நான் பேச வேண்டியதில்லை. எனக்கு வரவேண்டிய கால் ஒன்று இருக்கிறது. என் மனைவி கூப்பிட வேண்டும். இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாள். கூப்பிடும்போது முதல் மணியிலேயே நான் எடுக்க வேண்டும். நாற்பது நாளாக இதற்குத்தான் காத்திருக்கிறேன். நாற்பது நாளும் எண்பதுக்குக் கீழே இறங்க விட்டதில்லை. குளிக்கப் போனால்கூட ஜன்னல் கட்டையில் ஃபோன் இருக்கும். நேற்றுதான் புத்தி கெட்டுப்போய், ஒரே வீடியோவைச் சாயங்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது. படுக்கும்போது பிளக்கைச் சொருகினேன். சுவரில் இருக்கிற சுவிட்சைப் போடவில்லை. முப்பது வருஷமாக மில்லில் மோட்டாரும் ஸ்டார்ட்டருமாகப் புழங்குகிறவன் நான், சார். சுவிட்சைப் போடவில்லை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கே சிரிப்பாக வருகிறது. காலையிலிருந்து வயிற்றுக்குள் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி இருக்கிறது. ஐம்பத்தைந்து வயசில் இப்படி ஒரு நிலை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் பேர் பாலதண்டபாணி. நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். அது சோற்றுக்கு. ஆசைக்குப் பட்டிமன்றம் பேசுவேன். பெரிய பேச்சாளன் இல்லை. மாரியம்மன் நோன்பு, பொங்கல் விழா, மில் ஆண்டுவிழா, அந்த அளவுக்கு. 'பேட்டரி தண்டபாணி' என்றால் எங்கள் பக்கம் தெரியும். அந்தப் பேர் ஏன் வந்தது என்றால், பேட்டரி விஷயத்தில் நான் ஒரு கட்சிக்காரன்.

என் கட்சி என்ன? ஃபோன் என்றால் முதுகைத் திறக்க முடிய வேண்டும். நகத்தை விட்டு நெம்பினால் டக்கென்று மூடி வர வேண்டும். பேட்டரி உள்ளங்கையில் விழ வேண்டும். அதை மேஜைமேல் வைத்துச் சுண்டிவிட வேண்டும். சுற்றினால் வயிறு உப்பிவிட்டது என்று அர்த்தம், வேறு வாங்க வேண்டும். சுற்றாமல் படுத்துக்கொண்டால் இன்னும் ஆறு மாசம் ஓடும். வைத்தியம் அவ்வளவுதான். இப்போது வருகிற ஃபோன்களைப் பாருங்கள். சூடு காட்டி, பசையை இளக்கி, தகட்டை விட்டுக் கீறிப் பிளந்து... பேட்டரி மாற்றுகிறார்களா, போஸ்ட்மார்ட்டம் செய்கிறார்களா? காசு கொடுத்து வாங்கியவன் தன் பொருளைத் தானே திறந்து பார்க்கக் கூடாது என்று ஒட்டி வைப்பது என்ன நியாயம்? பேட்டரி போனால் ஃபோனே குப்பைக்குப் போக வேண்டுமாம். டயர் போனால் பஸ்ஸைத் தூக்கி எறிவோமா?

இதைத்தான் மேடையில் சொன்னேன். நல்ல கைதட்டல்.

எந்த மேடையா? அதைத்தான் சொல்ல வருகிறேன். இந்தப் பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் பட்டிமன்றம். மாமியாரா மருமகளா, பணமா குணமா என்று பேசிப் பேசி எல்லோருக்கும் சலித்துவிட்டது. மைக் செட்டும் பந்தலும் ஏற்றுக்கொண்டவர் மொபைல் கடைக்காரர். அவர் ஆசைப்பட்டுத் தலைப்பு வைத்தார்: 'மக்களுக்கு நன்மை தருவது கழற்றும் பேட்டரியே! கழற்றாத பேட்டரியே!' நடுவர் திருமலைசாமி. விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் நடுநிலை தவற மாட்டார் என்று அவரைப் போட்டார்கள். எங்கள் அணிக்கு நான் தலைவர். எதிரணியில் மூன்றாவதாகப் பேச வேண்டிய பேங்க் மேடத்துக்கு வெள்ளிக்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விழா. ஆள் கிடைக்கவில்லை. விழாக் கமிட்டிச் செயலாளர் என் வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்கக்கா, நீங்க பேசிப்போடுங்களே. எழுதிக் குடுக்கத்தான் வீட்டுலயே ஆள் இருக்குதே" என்கிறார்.

என் மனைவி சாந்தாமணி மேடை ஏறியதே இல்லை, சார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். நான் பேசுகிற கூட்டத்துக்குக்கூடக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, முடியும் முன்பே தோசைமாவு பொங்கிவிடும் என்று எழுந்து போய்விடுவாள். அவள் மாட்டேன் என்பாள் என்று நான் உள்ளேயிருந்து நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "சரிங்க, பேசறனுங்க" என்கிறாள்!

பேச்சை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். நன்றாகத்தான் எழுதினேன். காற்றை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். என்னதான் இருந்தாலும் எதிரணி இல்லையா? ஒட்டிய ஃபோன் மெலிதாக இருக்கும், தண்ணீர் போகாது, கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம் பேட்டரி ஒரு பக்கம் என்று சிதறாது. இவ்வளவுதான் அதில் இருந்தது. வாங்கிப் படித்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தில் எனக்குப் பொட்டுக்கடலை மடித்துக் கொடுத்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. மேடையில் உட்கார்ந்து சட்டைப்பையில் கையை விட்டுக் கடலையைக் கொறிக்கும்போதுதான் என் கையெழுத்தைப் பார்க்கிறேன்.

எத்தனை என்று பார்க்கட்டுமா? பார்த்தால் வெளிச்சத்துக்கு வேறு செலவு. நீங்கள் பார்க்காதே என்கிறீர்கள். சரி. ஒரே ஒரு தடவை. ஆறு.

பழைய ஃபோன் வீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது, சார். கூடவே மூன்று பேட்டரி. மூன்றும் முழு சார்ஜ். அது மட்டும் கையில் இருந்திருந்தால் இந்நேரம் பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியிருப்பேன். முப்பது விநாடி வேலை. இந்த ஒட்டின ஃபோனை அவளுக்காக வாங்கினேன். இது இன்றைக்குப் பார்த்து இப்படி...

சரி, பட்டிமன்றம். கடைசியாகப் பேசியவள் அவள்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக் பக்கம் வந்தாள். மைக் உயரம். கீழே இறக்கத் தெரியவில்லை. மைக்செட்காரர் வருவதற்குள், "பரவாயில்லீங்க, நான் கொஞ்சம் சத்தமாவே பேசிக்கறேன்" என்றாள். அதற்கே முதல் கைதட்டல் விழுந்தது. அப்புறம் சொல்கிறாள், அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்:

"நடுவர் அய்யாவுக்கு வணக்கமுங்க. எனக்குப் பேட்டரியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. எங்கூட்டுக்காரரப் பத்தி நல்லாத் தெரியுமுங்க."

முந்நூறு பேர், சார். பந்தல் ஆடியது. நானும் சிரித்தேன். பட்டிமன்றத்தில் எல்லாப் பேச்சாளரும் பெண்டாட்டியைப் பற்றி ஜோக் சொல்கிறோம். நானே இருபது வருஷமாகச் சொல்கிறேன். இவளுடைய உப்புமாவைப் பற்றி நான் சொல்லாத மேடை இல்லை. பதிலுக்கு உப்புமா அளவில் ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஃபோன முறையா அமத்துனா ஒரு சேதி சொல்றாங்க. 'நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது'ங்கறாங்க. அமத்தாம அப்படியே பேட்டரிய உருவிப்போட்டா வேற சேதி. 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்'ங்கறாங்க. இந்த வித்தியாசம் தனக்கு மட்டுந்தான் தெரியுமின்னு எங்கூட்டுக்காரரு நெனச்சுட்டு இருக்கறாருங்க."

சார், எனக்குக் காது சூடாகிவிட்டது.

உங்களுக்கும் அந்த வித்தை தெரியுமா? உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும் போலிருக்கிறதே! அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். அணைத்து வைத்தால் 'ஏன் அணைத்தாய்?' என்று கேள்வி வரும். பேட்டரியை உருவினால் கேள்வியே இல்லை. டவர் இல்லை, அவ்வளவுதான். நான் பொய் சொன்னதே கிடையாது, சார். 'டவர் கிடைக்கவில்லையா?' என்று அவளே கேட்பாள். 'ம்' என்பேன். ம் என்பது பொய்யா?

அவள் விடவில்லை. "உடுமலைப்பேட்டை என்னங்க பெரிய வனாந்திரமா? மில்லு கேட்டுல நின்னு இருமுனா எங்கூட்டுல கேக்கும். அங்கிருந்து ஒரு மனுசன் எப்படீங்க வாரத்துல மூணு நாளு எல்லைக்கு வெளிய போவாரு? பாஸ்போர்ட்டு வேற கெடையாதுங்க அவருக்கு."

நடுவர் திருமலைசாமி மணியடிப்பதை மறந்து மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார். எங்கள் அணிக்காரர்கள் என் பக்கம் திரும்பாமல் சிரிக்கிறார்கள்.

"அந்தச் சேதி சொல்ற அம்மா இருக்கறாங்களே, தங்கமான பொம்பளைங்க. எந்நேரம் கூப்பிட்டாலும் கோவிச்சுக்காமப் பேசுவாங்க. கேஸு தீந்துபோச்சுன்னு நான் அவங்ககிட்டத்தான் சொன்னேன். பாப்பாவுக்குக் காச்சல்னு அவங்ககிட்டத்தான் சொன்னேன். பாப்பா பத்தாவதுல நானூத்தி அறுவத்தெட்டு மார்க்குன்னு மொதல்ல அவங்களுக்குத்தான் சொன்னேன். நல்லாக் கேட்டுக்குவாங்க. என்ன, பதில் மட்டும் ஒண்ணேதான் சொல்லுவாங்க."

சிரிப்பு, சார். அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த மேடையிலும் வாங்கியதில்லை. முதல் வரிசையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அது சிரிப்புக் கண்ணீர்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அப்புறம்தான்... ஒரு நிமிஷம். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அப்புறம் அவள், "ஒரு நாளு என்னாச்சுன்னா" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். எதிர்வரிசையில் இருக்கிற என்னை, நேராக.

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் முன்னால், ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அவளுடைய அப்பா இறந்துபோன நாள். பதினோரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் எல்லைக்கு வெளியே. கடைசியில் பக்கத்து வீட்டு ஆட்டோவில் தனியாகத் தாராபுரம் போனாள். நான் பொழுது சாய வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, சாவகாசமாகப் பேட்டரியை மாட்டினேன்.

எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கேட்ட மாதிரி இருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் இருந்தேன், சார். அப்போது அகலப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. ரயில் வராத ஸ்டேஷனில், சிமெண்டு பெஞ்சில், ஃபோனை ஒரு பக்கமும் பேட்டரியை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரையும் பார்க்கப் போகவில்லை. குடிக்கப் போகவில்லை. சீட்டாடப் போகவில்லை. மில்லில் கூப்பிடக் கூடாது, வீட்டில் கூப்பிடக் கூடாது, கொஞ்ச நேரம் யாருக்கும் நான் வேண்டாம். அதற்காக. இது குற்றமா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வேறு ஏதாவது தப்பு செய்திருந்தாலாவது அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதை எப்படிச் சார் சொல்வது? உங்கப்பா செத்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று? டவர் இல்லை என்றேன். அவளும் டவர் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அவளே சொன்னாள், 'அவருக்கு மில்லுக்குள்ள டவர் கெடைக்காதுங்க' என்று. அது பொய் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரிந்தது அந்த மேடையில்தான்.

அதை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பந்தலே என்னைக் காறித் துப்பியிருக்கும். முந்நூறு பேர் பார்க்க, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "அது கெடக்குதுங்க" என்றாள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள், சார்! ஒட்டின ஃபோனைத் திருடிக்கொண்டு போனால் திருடனால் பேட்டரியை உருவ முடியாது, போலீஸ்காரர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று என்னென்னவோ பேசுகிறாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முகம் யாருடையது? இருபத்தெட்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறதே, இதை நான் எங்கே பார்த்தேன்?

அதுதான் ஆரம்பம். நெஞ்சுக்குள் ஒரு குதியாட்டம். தோற்றுப்போனவனுக்கு அழுகை வரலாம், ஆத்திரம் வரலாம். எனக்கு எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

முடிக்கும்போது என் பக்கம் கையை நீட்டிச் சொன்னாள்: "நடுவர் அய்யா, எங்கூட்டுக்காரரு என்னைக்காச்சும் ஒரு நாளு, நான் கூப்பிட்ட மொத மணியிலயே ஃபோன எடுத்தாருன்னா, நான் என்ற கட்சிய விட்டுப்போட்டு அவரு கட்சிக்கே வந்தர்றனுங்க. அது வரைக்கும் கழட்டாத பேட்டரிதானுங்க எங்களுக்கு நல்லது. வணக்கமுங்க."

தீர்ப்பு கேட்கவா வேண்டும்? நடுவர் எழுந்து, "எங்க வீட்டம்மாவும் முன்னால உக்காந்திருக்காங்க, நான் வேற மாதிரித் தீர்ப்புச் சொன்னா ராத்திரி சோறு கிடையாது" என்று கழற்றாத பேட்டரிக்கே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வருகிறோம். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்க்கிறேன். "ரசம் இருக்குது. அப்பளம் பொரிச்சரட்டுங்களா?" என்கிறாள். அவ்வளவுதான். நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'பொரி' என்றேன்.

அடுத்த வாரம் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கோபித்துக்கொண்டு இல்லை, சார். சுகன்யாவுக்கு இரண்டாவது பிரசவம், துணைக்கு மூன்று மாசம் இருப்பது என்று முன்பே பேசி வைத்ததுதான். சுந்தராபுரத்தில் வீடு. பஸ் ஏற்றிவிட்டு நேராக மொபைல் கடைக்குப் போனேன். "ஒட்டின ஃபோன் ஒன்று கொடு" என்றேன். கடைக்காரர் என் முகத்தை இரண்டு தடவை பார்த்தார். பேட்டரி தண்டபாணி கட்சி மாறிவிட்டார் என்று அன்றைக்குச் சாயங்காலமே மில் முழுக்கச் செய்தி. மாறட்டும். எனக்கு அவள் கூப்பிட வேண்டும், முதல் மணியில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவள் கூப்பிடவே மாட்டேன் என்கிறாள், சார்! நான் கூப்பிட்டால் எடுக்கிறாள். நன்றாகப் பேசுகிறாள். பேரனைக் குளிப்பாட்டியது, பெரியவள் பள்ளிக்கூடத்தில் அழுதது எல்லாம் சொல்கிறாள். அவளாகக் கூப்பிடுவதில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன், "ஏஞ்சாந்தா, நீயா ஒரு தடவைகூட கூப்பிட மாட்டேங்கற?" "தெனமும் மூணு தடவ நீங்களே கூப்பிடறீங்க. எடையில நான் எப்பக் கூப்பிடறது?" என்கிறாள்.

நியாயம்தானே? அதனால் ஒரு யோசனை செய்தேன். நான் கூப்பிடுவதை நிறுத்தினால் அவள் கூப்பிட்டாக வேண்டும். மூன்று நாளாக நான் கூப்பிடவில்லை.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, இல்லை. அது வேறு, இது வேறு. அப்போது நான் பேட்டரியை உருவி வைத்தேன். இப்போது முழு சார்ஜோடு காத்திருக்கிறேன். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்கிறீர்களா? ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று நாள்... நான் அப்படி யோசிக்கவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது, சார். இன்றைக்குக் கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவாள் என்று. முதல் நாள் ஏழு தடவை ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் ரிங் சத்தம் சரியாக இருக்கிறதா என்று மில் வாட்ச்மேனைவிட்டுக் கூப்பிடச் சொன்னேன். நேற்று முடியவில்லை. அவள் குரல் இல்லாமல் இருக்க முடியவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது சுகன்யா எடுத்து வைத்த பட்டிமன்ற வீடியோவைப் போட்டேன். பதினேழு நிமிஷம். எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்தத் தண்ணீர் குடிக்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி...

இன்றைக்குக் காலையில் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. கேட்டால், தோட்டத்துக் கொய்யா பழுத்திருந்தது, கொடுக்க வந்தேன் என்று சொல்லலாம் என்று இந்தப் பையை எடுத்துக்கொண்டேன். பாருங்கள், பாதி காய்.

கிணத்துக்கடவு மேம்பாலம் வந்துவிட்டதா? நீங்கள் இறங்கவில்லையே? நல்லது. எனக்குத் தனியாக உட்கார முடியாது போலிருக்கிறது. எத்தனை? வேண்டாம் என்றால் விடுங்கள், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். மூன்றா? மூன்று! சுந்தராபுரத்தில் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை சார்ஜில் போடுவது. அதுவரைக்கும் மட்டும் அவள் கூப்பிடாமல் இருந்தால் போதும். நாற்பது நாளாகக் கூப்பிடு, கூப்பிடு என்றேன். இப்போது கூப்பிடாதே என்கிறேன். எனக்கு நிஜமாகவே மூளை கலங்கிவிட்டதா? இப்போது கூப்பிட்டு, இது அணைந்து கிடந்தால் என்ன நினைப்பாள்? பழைய ஆள் பழைய ஆள்தான் என்று...

சார்! சார், அடிக்கிறது! பாருங்கள் பேரை! அவள்தான்!

"அல்லோ! சாந்தா! எடுத்துட்டேன்! மொத மணிதானே? மொத மணிகூட முழுசா அடிக்கல, பாத்தியா!

"பொறு, பொறு, மொதல்ல ஒண்ணு சொல்லீர்றேன். ஃபோனுல ரெண்டு பர்சண்ட்டுதான் இருக்குது. நடுவுல அமந்துபோச்சுன்னா நானா பண்ணுனேன்னு நெனச்சுக்காத. நெசமாலுமே சார்ஜு இல்ல. சிரிக்காத சாந்தா! சத்தியமாச் சொல்றேன். பக்கத்துல ஒரு சார் இருக்கறாரு, அவரு சாட்சி. சார், நீங்க சொல்லுங்க சார், சத்தமா. கேட்டுச்சா? அது அவருதான். ஆளு வெச்சுப் பேச வெக்கறனா? அட, பஸ்ஸுல எனக்கு ஆளு ஏது!

"ஆமா, பஸ்ஸுலதான். கிணத்துக்கடவு பாலத்த எறங்கியாச்சு. சுந்தராபுரத்துக்குத்தான் வந்துட்டு இருக்கறேன். சொல்லாமத்தான் கெளம்பிட்டேன்.

"என்னது? மூணு நாளா ஏன் கூப்பிடலையா? நீ கூப்பிடுவீன்னு... பயந்துட்டா இருந்த? மில்லுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டியா? நான் நல்லாத்தான் இருக்கறேன்னு வாட்ச்மேன் சொன்னாப்பலயா? தப்புதான் சாந்தா. தப்புதான். நான் யோசிக்கல. அன்னைக்கும் தப்புதான். உங்கப்பா போன அன்னைக்கும். நான் சும்மாதான் உக்காந்திருந்தேன், சாந்தா. ரயிலுட்டேசன்ல. சும்மா.

"தெரியுமா? எப்பத் தெரியும்? அந்த ஆட்டோக்காரரு பாத்தாரா? பன்னெண்டு வருசமா...

"சரி. சரி, அழுகல. வெய்யிலு. சொல்லு. திருப்பூர்ல இருந்தா? சித்திரைக்கா? நம்ம ரெண்டு பேரையுமே பட்டிமன்றம் பேசக் கூப்பிடறாங்களா? எந்தப் பக்கம்னு கேக்கறாங்களா? நான் மொத மணியிலயே எடுத்துட்டதால நீ என்ற கட்சிக்கு வந்தர்றியா? சொன்னாச் சொன்னதுதானா?

"வேண்டாம். வேண்டாங்கறேன். நீ எதிர்க்கட்சியிலயே இரு. கோவமா? எனக்கென்ன கோவம்! ஒரே கட்சின்னா ஒரே வரிசையில உக்காத்தி வெச்சுருவாங்க. எதுக்க உக்காந்தாத்தான் உன்ற மொகம் எனக்குத் தெரியும். அன்னைக்கு நீ பேசறப்ப நான்... அல்லோ? சாந்தா? அல்லோ?"

போய்விட்டது, சார். கறுத்துவிட்டது. அழுத்தினாலும் வரவில்லை.

கடைசியில் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்குமா? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே, எந்த இடத்தில் நின்றது? 'எதிர்க்கட்சியிலேயே இரு' என்பதோடு நின்றிருந்தால் என்ன ஆகும்? வேண்டாம் என்று இரண்டு தடவை வேறு சொல்லித் தொலைத்தேனே! முகம் என்று சொன்னது போயிருக்குமா? போயிருக்கும். இல்லை, போயிருக்காது.

போகாவிட்டால் என்ன சார்? நேரிலேயே சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம்தானே. நான் இப்போதே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன், நீங்கள் காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். இந்தாருங்கள், கொய்யா, பழமாக இருப்பது இரண்டு. சிரிக்காதீர்கள் சார், எனக்கும் வந்துவிடும். சுந்தராபுரத்துக்கு இன்னும் எத்தனை ஸ்டாப்?